மோட்டார் எஞ்சினின் ஹெட் கேஸ்கட்: அதன் இயல்பும் வீட்டில் மாற்றும் முறையும்

மும்பையிலிருந்து புணேவுக்கு வரும் பழைய நெடுஞ்சாலை கோப்போலியைக் கடந்ததும் போர் மலைக்கணவாயில் ஏறத் தொடங்குகிறது. வண்டிப் போக்குவரத்துக்கென 1830-இல் திறக்கப்பட்ட வழி இது. சில மைல் தொலைவுக்குள் ஐந்நூறு மீட்டர் அளவு உயரம் ஏறவேண்டியிருப்பதால், 2002-இல் விரைவுச் சாலை முழுமையாகத் திறக்கப்படும் வரை, கோடைக்காலத்தில் இவ்வழியே செல்வோர் ஒரு காட்சியைத் தவறாது கண்டிருப்பர். சாலையோரத்தில் முன்மூடி திறந்த நிலையில் கார்கள் நிற்கும். ரேடியேட்டரிலிருந்து ஆவி சீறும். ஓட்டுநர் வாளித் தண்ணீருடன் காத்திருப்பார். அவ்வாறு நின்ற வண்டிகளிற் பல, நீர் ஊற்றியவுடன் மீண்டும் புறப்பட்டன. வேறு சில புறப்பட்டும் பழைய நிலையை அடையவில்லை. அவற்றுள் பெரும்பாலானவற்றில் கெட்டுப்போனது, மெல்லிய தகடு போன்ற ஓர் உறுப்பு. அதுவே ஹெட் கேஸ்கட்.

களப்பணியாளர்கள் ஜீப்பு வண்டியையும் பம்பு எஞ்சினையும் நாள்தோறும் கையாள்பவர்கள். பள்ளி ஆசிரியர்களுக்கோ வெப்ப விரிவு, அழுத்தம், உராய்வு ஆகிய மூன்று பாடங்களையும் ஒரே பொருளில் காட்டுவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. எனவே இரு சாராருக்கும் பயன்படுமாறு இப்பொருள் இங்கு விளக்கப்படுகிறது.

கேஸ்கட் சுமக்கும் பொறுப்பு

எஞ்சினின் அடிப்பகுதி சிலிண்டர் பிளாக்கு எனவும், அதன்மீது மூடியாக அமைவது சிலிண்டர் ஹெட் எனவும் பெயர் பெறும். இவ்விரண்டின் முகங்களும் எத்துணை நுட்பமாகக் கடையப்பட்டிருப்பினும், உலோகத்தின்மீது உலோகம் வைத்த அளவில் வாயு கசியாமல் நிற்காது. ஆகவே இடையே ஒரு மென்தகடு வைக்கப்படுகிறது. அத்தகடு ஒரே சமயத்தில் மூன்று பொருள்களைப் பிரித்து வைக்கவேண்டும்: எரியும் வாயு, குளிர்விக்கும் நீர், மசகு எண்ணெய். இம்மூன்றும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் அடுத்தடுத்து ஓடுகின்றன.

பிரீமியர் பத்மினி காரை எடுத்துக்கொள்வோம். இத்தாலிய ஃபியட் 1100 வண்டியின் வழிவந்த இது, மும்பை குர்லாவில் செய்யப்பட்டு, 2000-ஆம் ஆண்டையொட்டி உற்பத்தி நின்றுபோன பின்னரும் நெடுங்காலம் சாலைகளில் ஓடியது. மும்பை வாடகைக் கார்களாக ஓடியவை 2023 அக்டோபரில் விடைபெற்றன. பழைய பொருள்களைப் போற்றும் குடும்பங்களில் இவ்வண்டிகள் இன்றும் உள்ளன, புணேயிலும் காணலாம். இதன் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டம் 68 மி.மீ., பிஸ்டனின் வீச்சு 75 மி.மீ. மாணவர்கள் கணக்கிட்டால் மொத்தக் கொள்ளளவு 1,089 கன செ.மீ. என்று வருவதைக் காண்பர். ஒரு சிலிண்டரின் குறுக்குப் பரப்பு 36.3 சதுர செ.மீ. எரிதல் உச்சத்தை எட்டும்போது சதுர செ.மீட்டருக்கு 40 கிலோ அழுத்தம் தோன்றுவதாகக் கொண்டால், ஹெட்டை மேல்நோக்கித் தள்ளும் விசை 1,450 கிலோவை எட்டும். அந்தக் கார் முழுவதன் எடையை விட இது மிகுதி. நிமிடத்துக்கு மூவாயிரம் சுழற்சியில் ஓடும் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு மட்டும் நொடிக்கு இருபத்தைந்து முறை இந்த அடி விழுகிறது.

இனி வெப்ப விரிவைக் காண்போம். பத்மினியின் பிளாக்கு வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழப் பத்து லட்சத்தில் 23 பங்கு விரிகிறது. வார்ப்பிரும்பு 11 பங்கு. ஹெட்டின் நீளம் 40 செ.மீ. என்றும், வெப்பநிலை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரி வரை உயர்கிறதென்றும் கொள்க. அலுமினியம் 0.55 மி.மீ. நீளும், இரும்போ 0.26 மி.மீ. மட்டுமே நீளும். வேறுபாடு 0.29 மி.மீ. வண்டியை ஓட்டி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஹெட்டின் முகம் கேஸ்கட்டின்மீது இவ்வளவு தூரம் தேய்ந்து சென்று திரும்புகிறது. அம்பாஸடர் காரில் ஹெட்டும் பிளாக்கும் இரண்டுமே வார்ப்பிரும்பாதலால் இத்தேய்ப்பு மிகக் குறைவு. அதன் ஹெட்டைத் தூக்க இருவர் வேண்டும் என்பது வேறு செய்தி.

அலுமினிய ஹெட் அளவுக்கு மீறிச் சூடேறினால் விரிய முயல்கிறது, போல்ட்டுகளோ விடுவதில்லை. உலோகம் தன்னுள்ளேயே நசுங்கி, குளிர்ந்தபின் வளைந்து நிற்கிறது. கேஸ்கட் அங்கே பிடிப்பை இழக்கிறது. கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரைத் திடீரென ஊற்றுவது இவ்வளைவை இன்னும் மோசமாக்கும். சில வேளைகளில் ஹெட் வெடித்தும் போகும். கணவாயில் வாளியுடன் நின்றவர்கள் நல்லெண்ணத்துடன் செய்த தீங்கு இதுவே.

புணே கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்கே திறந்த பாத்திரத்தில் நீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் மூடி சதுர செ.மீட்டருக்கு அரைக் கிலோ அழுத்தத்தைத் தாங்குமாயின் கொதிநிலை 110 டிகிரி அளவுக்கு உயரும். ஆகவே, ரப்பர் வளையம் நைந்துபோன ஒரு பழைய மூடியே எஞ்சினின் பாதுகாப்பில் பன்னிரண்டு டிகிரியைப் பறித்துவிடுகிறது. காத்ரஜ் கணவாயிலும் சிங்ககட் ஏற்றத்திலும் இந்தப் பன்னிரண்டு டிகிரியின் மதிப்பு தெரியவரும்.

நோயை அறிதல்

இக்கட்டுரையை எழுதுபவர் பொறியாளர் அல்லர். அறிவியல் நூல்களைத் தமிழாக்கும் பணியினர். பணிநிமித்தம் புணேயில் தங்கியிருந்தபோது, அண்டை வீட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவருடைய பத்மினியைப் பழுதுபார்ப்பதில் துணை நின்ற அனுபவமே இதற்கு அடிப்படை. அவர் தம் முதிய தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அந்த வண்டியையே நம்பியிருந்தார். கணவாய்ப் பயணம் ஒன்றுக்குப் பின் எஞ்சின் நடுங்கியது, இழுவை குறைந்தது, நீர் குறைந்துகொண்டே வந்தது. ஒரு பட்டறையில், சிலிண்டர்களைக் கடைந்து பிஸ்டன்கள் அனைத்தையும் மாற்றவேண்டுமென்று கூறிவிட்டனர். அச்செலவு வண்டியின் விலையையே மிஞ்சும். அவர் அதனைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடும் எண்ணத்தில் இருந்தார்.

அவசரப்பட்டு முடிவுக்கு வருவதற்கு முன் சோதனைகளைச் செய்து பார்ப்பது முறை. ஸைலென்ஸரில் எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்ணிற ஆவி நிற்காமல் வருதல், ரேடியேட்டரில் தொடர்ந்து குமிழி எழுதல், மசகு எண்ணெய் பாலேடு போல் வெளுத்தல், இவை யாவும் ஐயத்துக்கு இடம் தருவன. எனினும் எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் சிறிதளவு வெண்படலம் இருப்பதை மட்டும் கண்டு அஞ்சவேண்டா. மழைக்காலத்தில் வண்டியைக் குறுகிய தூரங்களுக்கே ஓட்டுவோர் மூடிகளில் காற்றின் ஈரம் குளிர்ந்து இவ்வாறு படிவதுண்டு. அளவுகோலில் ஒட்டிவரும் எண்ணெயும் வெளுத்திருந்தால்தான் கவலைக்குரியது.

அழுத்தமானி கொண்டு ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்தோம். முதலும் நான்காவதும் ஒன்பதரைக் கிலோ காட்டின. இரண்டாவதும் மூன்றாவதும் நான்கு கிலோவே காட்டின. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருங்கே தாழ்ந்திருத்தல், அவற்றுக்கிடையேயுள்ள குறுகிய பாலத்தில் கேஸ்கட் எரிந்துபோனதன் தெளிவான அறிகுறி. ஸ்பார்க் பிளக் துளை வழியே ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தோம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடைவெளியை அடைத்து அளவு உயர்ந்திருக்கும். உயரவில்லை. பட்டறையின் முடிவு பிழை என்பது அப்போதே விளங்கிற்று.

ஆசிரியர்களுக்குப் பெரிதும் உவப்பான சோதனை ஒன்றுண்டு. பள்ளி ஆய்வுக்கூடத்திலுள்ள புரோமோதைமால் நீலம் என்னும் நிறங்காட்டி, கரியமில வாயு பட்டால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும். ரேடியேட்டரில் நீர்மட்டத்தைச் சற்றுத் தாழ்த்தி, குளிர்ந்த எஞ்சினை ஓட்டத் தொடங்கி, நீருக்கு மேலுள்ள காற்றை மட்டும் ரப்பர்க் குமிழால் உறிஞ்சி இக்கரைசலின் வழியே செலுத்துக. எரிவாயு நீர்வழியில் கசியுமாயின் நிறம் மாறும். வாயால் உறிஞ்சுதல் எக்காரணத்தைக் கொண்டும் கூடாது. மாணவர்கள் உறிஞ்சுகுழல் வழியாகத் தம் மூச்சை இக்கரைசலில் ஊதிப் பார்க்கும் சோதனையும் இதுவும் தத்துவத்தில் ஒன்றே. இரண்டு சிலிண்டர்களுக்கிடையே மட்டும் கசிவு இருந்து, நீர்வழி தப்பியிருந்தால் நிறம் மாறாது என்பதையும் நினைவிற் கொள்க.

பிரித்தல்

எஞ்சின் ஓர் இரவு முழுவதும் ஆறவேண்டும். சூடான ஹெட்டைக் கழற்றினால் நல்ல ஹெட்டும் வளையும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். பாட்டரியின் இணைப்பை நீக்கி, நீரை ஒரு பாத்திரத்தில் வடிக்க. உறையாமைக்கும் துருப்பிடியாமைக்கும் சேர்க்கப்படும் எதிலீன் கிளைக்கால் இனிப்பானது, நஞ்சுமாகும். திறந்து வைத்த பாத்திரத்தை நாயோ குழந்தையோ நாடாதவாறு காத்தல் கடமை.

காற்று வடிப்பான், கார்புரேட்டர், மானிஃபோல்டுகள், நீர்க் குழாய்கள், ஒயர்கள் ஆகியவற்றை ஒழுங்காகக் கழற்றுக. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுத்துவைத்துக்கொள்வது, இன்று கைப்பேசியால் எளிதாகிவிட்ட நல்ல பழக்கம். ராக்கர் தண்டை வால்வு ஸ்பிரிங்குகள் தள்ளிக்கொண்டிருக்கும். ஆதலின் அதன் நட்டுகளைச் சமமாகச் சிறிது சிறிதாகத் தளர்த்துக. புஷ்ராடுகளை எடுத்தவுடன் எட்டுத் துளையிட்ட அட்டையில் வரிசைப்படி செருகிவைக்க. ஒவ்வொன்றும் தன் இடத்தில் தேய்ந்து பழகியது. இடம் மாறுதல் ஆகாது. மேற்புறக் காம்தண்டும் டைமிங் பெல்ட்டும் உடைய பிற்காலத்து வண்டிகளில், ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் டைமிங் குறிகளைப் பொருத்தி அடையாளமிடுதல் இன்றியமையாதது. அங்கு ஒரு பல் தவறினாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளக்கூடும். இவ்வகை எஞ்சினில் முன்னனுபவம் இல்லாதவர் தனித்து இறங்காமலிருப்பதே நன்று.

ஹெட்டின் பிணைப்புகளை ஓரங்களிலிருந்து நடுநோக்கி, பல சுற்றுகளில், ஒவ்வொன்றையும் கால் சுற்று அளவாகத் தளர்த்துக. ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிடில் இரு முகங்களுக்கிடையே ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்புவோர் உண்டு. அலுமினியத்தில் அவ்வாறு விழும் ஒரு கீறல், புதிய கேஸ்கட்டைப் பயனற்றதாக்கப் போதும். மரச் சுத்தியால் பக்கங்களில் தட்டினால் தானே இளகும்.

பழைய கேஸ்கட்டை எறிந்துவிடாமல் பார்வையிடுக. எங்கள் எஞ்சினில் இரண்டாம் மூன்றாம் துளைகளுக்கிடையே தகடு கருகி, விரல் நகத்தின் அகலத்துக்கு அறுந்திருந்தது. அதனைக் கண்ட ஆசிரியர் சற்று நேரம் பேசவில்லை. ஒரு வண்டியைக் கொன்றுவிடவிருந்த குற்றவாளி அவர் உள்ளங்கையில் இருந்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய கேஸ்கட்டுகள் செப்புத் தகடுகளுக்கிடையே கல்நார் வைத்துச் செய்யப்பட்டவை. கல்நார்த் தூசு நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகளுக்குப் பின் புற்றுநோயையும் உண்டாக்கவல்லது. ஆகவே உலர்ந்த நிலையில் சுரண்டுவதும், காற்றுக் குழாயால் ஊதுவதும், கம்பித் தூரிகையைச் சுழலவிடுவதும் விலக்கத்தக்கன. நன்றாக நனைத்து, மெதுவாகச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, கழிவைப் பையிலிட்டுக் கட்டிவிடுக. பழைய சரக்கு கிடைக்கிறதென்று வாங்காமல், கல்நார் அற்றதெனக் குறிக்கப்பட்டதையே கேட்டு வாங்குக.

முகங்களைச் சோதித்தல்

சுத்தம் செய்ய உப்புத் தாளைப் பயன்படுத்தினால் அதன் துகள்கள் எண்ணெய் வழியில் புகுந்து பேரிங்குகளை அரிக்கும். பிளாஸ்டிக் அல்லது கடின மரத்தாலான சுரண்டியே ஏற்றது. துளைகளைத் துணியால் அடைத்துவைக்க.

பின்னர் நேர்ச்சட்டம் ஒன்றை ஹெட்டின் முகத்தில் நீளவாக்கிலும், அகலவாக்கிலும், இரு மூலைவிட்டங்களிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் இதழ்களைச் செருகிப் பார்க்க. 0.05 மி.மீ. இதழ் நுழையாவிடில் கவலையில்லை. 0.1 மி.மீ. இதழ் நுழையுமாயின் பட்டறையில் முகத்தைச் சீவவேண்டும். தயாரிப்பாளரின் கையேடு தரும் எல்லையே இறுதியானது. எங்கள் ஹெட்டில் நடுவில் 0.15 மி.மீ. இதழ் தடையின்றி நுழைந்தது. மோட்டார் உதிரிப்பொருள் கடைகள் நிறைந்த நானா பேட்டையில் கேஸ்கட்டை வாங்கிக்கொண்டு, சீவுவதற்கு ஒரு பட்டறையில் ஹெட்டைக் கொடுத்தோம். வீட்டு வேலையின் எல்லை இதுவே. அரத்தால் தேய்த்துச் சமன்செய்யலாம் என்று கூறுவோர் சொல்லைக் கேளற்க.

சீவும்போது எரிவறை சிறுக்கிறது. அமுக்க விகிதம் 8 எனக் கொண்டால், 272 கன செ.மீ. வீச்சளவுடைய சிலிண்டருக்கு எரிவறை 38.9 கன செ.மீ. ஆகும். முகத்தில் அரை மில்லிமீட்டர் சீவினால் ஏறத்தாழ 1.8 கன செ.மீ. குறைந்து, விகிதம் 8.3 ஆக உயரும். மேலும் சீவினால் எஞ்சின் தட்டத் தொடங்கும். ஆதலின் தேவையான அளவுக்கு மேல் ஒரு மயிரிழையும் எடுக்கவேண்டா என்று கடைசல்காரரிடம் கூறிவிடுக. கட்கியில் 1946-இல் தோன்றிய கிர்லோஸ்கர் நிறுவனத்தாருடையன போன்ற டீசல் பம்பு எஞ்சின்களில் இது இன்னும் நுட்பமானது. அங்கே பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறிது. கேஸ்கட்டின் பருமன் மாறினாலே எஞ்சினின் நடத்தை மாறும். எடுத்ததன் பருமனிலேயே புதியதையும் இடுக.

பூட்டுதலும் முறுக்குதலும்

போல்ட்டுத் துளைகளில் நீரோ எண்ணெயோ தங்கியிருக்கலாகாது. திரவம் அமுங்காது, போல்ட்டு இறங்கும்போது அது பிளாக்கையே பிளந்துவிடும். இதனை மறந்து முதல் போல்ட்டை இறக்கியவர் இக்கட்டுரையாளரே. துளையின் வாயில் எண்ணெய் பொங்கியதைக் கண்டு ஆசிரியர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

கேஸ்கட்டில் மேற்புறம் எனக் குறித்த பக்கம் மேலே அமையவேண்டும். நீர்த்துளைகளும் எண்ணெய்த் துளைகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க. கையேடு கூறினாலன்றிப் பசை எதுவும் தடவவேண்டா.

முறுக்குவிசையின் தத்துவத்தைச் சிறிது விளக்கவேண்டும். ஸ்பேனரில் நாம் இடும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கே போல்ட்டை இழுத்து இறுக்குகிறது. எஞ்சியது தலைக்கடியிலும் மரைகளிலும் உராய்வாகக் கழிகிறது. பத்து மில்லிமீட்டர் போல்ட்டை 6 கிலோ-மீட்டர் அளவுக்கு முறுக்குவதாகக் கொள்வோம். மரை சுத்தமாகவும் எண்ணெய்ப் பசையுடனும் இருந்தால் ஏறக்குறைய 3,000 கிலோ பிடிப்பு கிடைக்கும். துருவேறி உலர்ந்திருந்தால் அதே அளவில் 2,000 கிலோதான் கிடைக்கும். டார்க் ஸ்பேனரின் முள் இரண்டு வேளையும் ஒரே எண்ணைக் காட்டும். கருவி பொய் சொல்வதில்லை. அது அளப்பது நாம் நினைக்கும் பொருளை அன்று. எனவே மரைகளைத் துலக்கி, கையேடு கூறும்வண்ணம் எண்ணெயிட்ட பின்னரே முறுக்குக.

வரிசை நடுவில் தொடங்கி, சுருள் வட்டமாக ஓரம் நோக்கிச் செல்லும். கேஸ்கட் வெளிநோக்கிப் படிந்து சமனாவதற்கே இம்முறை. குறித்த அளவில் மூன்றில் ஒரு பங்கு முதற் சுற்றிலும், மூன்றில் இரு பங்கு அடுத்த சுற்றிலும், முழு அளவு மூன்றாவதிலும் ஆகுக. வேறொரு காரின் அளவைக் கேட்டறிந்து இதற்கு இடுதல் தவறு. இக்காலத்துக் கார்களில் பல அடுக்கு எஃகுக் கேஸ்கட்டும், கோண அளவில் முறுக்கப்படும் போல்ட்டும் உள்ளன. அப்போல்ட்டுகள் நெகிழும் எல்லை வரை இழுக்கப்படுவதால், கழற்றினால் பெரும்பாலும் புதியனவே இடவேண்டும்.

அதன்பின் புஷ்ராடுகளையும் ராக்கர் தண்டையும் பூட்டி, வால்வு இடைவெளியைச் சரிசெய்க. எண்ணெயையும் வடிப்பானையும் மாற்றுக. நீர் கலந்த எண்ணெயுடன் ஓட்டினால் பேரிங்குகள் நிலைக்கா. கேஸ்கட் எரிந்ததற்குரிய காரணத்தையும் நீக்கவேண்டும்: தெர்மோஸ்டாட், பெல்ட், ரேடியேட்டரின் அடைப்பு, மூடி. எங்கள் வண்டியில் பல ஆண்டுகளாகக் கடினமான கிணற்று நீரை ஊற்றியதால் ரேடியேட்டரின் குழல்களில் பாதி சுண்ணாம்பால் அடைபட்டிருந்தது. அதனைச் சீர்செய்யாது விட்டிருந்தால் புதிய கேஸ்கட்டும் அடுத்த கோடையில் அதே வழியிற் சென்றிருக்கும். இனிக் காய்ச்சி வடித்த நீரும் குளிர்விப்புத் திரவமும் கலந்தே நிரப்பவேண்டும்.

ஹீட்டர் வால்வைத் திறந்துவைத்து மெதுவாக நிரப்பினால் சிக்கிய காற்று வெளியேறும். முதலில் எஞ்சினை வேகமேற்றாமல் ஓட்டி, வெப்பமானியையும் கசிவையும் கவனிக்க. பழைய வகைக் கேஸ்கட்டுகள் முதற் சூட்டில் சற்றே அமுங்குவதால், கையேடு கூறுமாயின் எஞ்சின் முற்றும் ஆறியபின் அதே வரிசையில் மீண்டும் முறுக்கி, வால்வு இடைவெளியை மறுபடி பார்க்கவேண்டும். எஃகு அடுக்குக் கேஸ்கட்டுகளுக்கு இது கூடாது.

வேலை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டது. நான்கு சிலிண்டர்களும் ஒன்பதரைக் கிலோவுக்கு அருகில் நின்றன. மறுநாள் காலை ஆசிரியர் தம் தாயாரை முன்னிருக்கையில் அமர்த்தி, காத்ரஜ் கணவாய் வரை ஏறித் திரும்பினார். வெப்பமானியின் முள் நடுக்கோட்டைத் தாண்டவில்லை.